போலியும் வழிநூலும்: ஒரு விளையாட்டுப் பெட்டியின் வம்சாவளி

தூத்துக்குடியிலிருந்து வடக்கே, உப்பளங்களின் வெண்மேடுகளைக் கடந்து, கடலை வலப்பக்கத்தில் வைத்துக்கொண்டு செல்லும் பாதையில் இருக்கிறது தருவைகுளம். அங்கே மிக்கேல் அதிதூதர் கோவிலின் மணியோசை எட்டும் தொலைவில் உள்ள ஒரு வீட்டுப் பரணிலிருந்து சென்ற கோடையில் இறக்கப்பட்ட ஒரு கறுப்புப் பெட்டிதான் இக்கட்டுரைக்கு மூலகாரணம். பருவலைப் படகில் தொழில் செய்துவந்த ஒருவர், கொச்சிக்கரையில் சில மாதங்கள் தங்கிவிட்டு ஊர் திரும்புகையில், ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன் தம் பிள்ளைகளுக்காக வாங்கி வந்தது அது. அந்தப் பிள்ளைகளில் மூத்தவர் இப்போது சொந்தமாகப் படகு வைத்திருக்கிறார். பெட்டியை என் கையில் கொடுத்துவிட்டு, "இது அசல் ஜப்பான் சாமானா, டூப்ளிகேட்டா, அண்ணாச்சி? அப்பா கடைசிவரைக்கும் ஜப்பான்னுதான் சொல்லிட்டிருந்தாரு" என்றார்.

கேள்வி சிறியது, விடையோ அத்தனை எளிதாக அகப்படவில்லை. பெட்டியின் புறத்தோற்றம் ஸேகா கம்பெனியாரின் மெகா டிரைவ் என்னும் கருவியைப் பார்த்து வார்க்கப்பட்டது. அதன் வாயில் செருகப்படும் கேசட்டோ நின்டெண்டோ கம்பெனியாரின் ஃபேமிகாம் என்னும் கருவிக்கு உரியது. மூடியின் மேல் பாதி தேய்ந்துபோய் ஒட்டிக்கொண்டிருந்த சீட்டிலோ இவ்விருவருக்கும் ஸ்நானப் பிராப்தி கூட இல்லாத மூன்றாவது ஒரு பெயர் இருந்தது. ஒருவனுடைய சட்டையை அணிந்து, மற்றொருவனுடைய இருதயத்தைச் சுமந்து, வேறொருவனுடைய பெயரைச் சொல்லிக்கொண்டு வாசலில் வந்து நிற்கும் விருந்தாளியைப் போன்ற இந்த வஸ்துவை என்னவென்று அழைப்பது?

அசல், நகல் என்னும் இரண்டு சொற்களும் அரபியிலிருந்து நீதிமன்றப் பத்திரங்களின் வழியாக நமக்கு வந்தவை. டூப்ளிகேட் என்பது கடைத்தெருவின் ஆங்கிலம். இவற்றுக்கெல்லாம் முன்பே நம்மிடம் இருந்த சொல் போலி என்பது. இன்று அது வசைச்சொல்லாகிவிட்டது. ஆனால் இலக்கண ஆசிரியர்கள் அச்சொல்லை எவ்விதத் துவேஷமும் இன்றியே ஆண்டார்கள். அறம் என்பது அறன் என்றும், நிலம் என்பது நிலன் என்றும் வருமாயின் அதனைக் கடைப்போலி என்றார்கள். ஓரெழுத்தின் ஸ்தானத்தில் மற்றோரெழுத்து வந்து நின்றும் பொருள் சிதையாதிருப்பதே அதன் இலக்கணம். ஒரு சில்லைப் பிடுங்கிவிட்டு அதே குழியில் வேறொரு கம்பெனியின் சில்லைச் செருகினாலும் யந்திரம் முன்போலவே ஓடுகிறது என்றால், மின்னணுத் தொழிலார் அதற்கு எந்தப் பெயர் இட்டாலும் சரி, தமிழ் இலக்கணத்தில் அது போலிதான். நூல்களைப் பற்றியும் நம்மவர்களுக்கு ஒரு தெளிவான பாகுபாடு இருந்தது. பவணந்தியார் நன்னூலின் பாயிரத்தில் நூலை முதல், வழி, சார்பு என மூன்றாகப் பிரித்து, முன்னவனுடைய முடிவுகளோடு ஒத்துச் சென்று, பின்வந்தவன் தனக்கு வேண்டிய வேறுபாடுகளையும் புகுத்திச் சொல்வதே வழிநூல் என்றார். வழிநூல் செய்தவனைத் திருடன் என்று அவர் சொல்லவில்லை. அவருடைய நன்னூலே தொல்காப்பியத்தின் வழிவந்ததுதானே! ஆகவே ஒரு படைப்பைப் பற்றி அவர் கேட்கும் வினா, இது முன்னதைப் பார்த்துச் செய்யப்பட்டதா என்பதன்று. பார்த்துச் செய்தவன் எந்த வேறுபாட்டைச் சேர்த்தான் என்பதே. அந்த வினாவைக் கையில் வைத்துக்கொண்டு இப்பெட்டியின் வம்சாவளியை ஆராய்வதே என் உத்தேசம்.

வீட்டுத் தொலைக்காட்சியில் விளையாடும் கருவியின் முதல்நூல் எது என்பதில் அதிகம் சந்தேகமில்லை. ஜெர்மனியில் பிறந்து, யூதர் என்பதால் 1938-இல் குடும்பத்தோடு அமெரிக்காவில் தஞ்சம் புகுந்த ரால்ஃப் பேர் என்னும் பொறியியலாளர், 1966 செப்டம்பரில் நான்கு பக்கக் குறிப்பொன்றில் இந்த எண்ணத்தை எழுதிவைத்து, பின்பு அதனை யந்திரமாகவும் செய்து காட்டினார். அது 1972-இல் மேக்னவாக்ஸ் கம்பெனியின் ஒடிஸி என்ற பெயரில் கடைக்கு வந்தது. அதற்கு ஓசையும் கிடையாது. வெற்றி தோல்விகளைக் கணக்கிடும் ஆற்றலும் கிடையாது. அவ்வாண்டு மே மாதத்தில் கலிபோர்னியாவில் நடந்த ஒரு காட்சியில் அதைக் கண்டு, வருகைப் புத்தகத்தில் கையொப்பமும் இட்டுவிட்டுச் சென்றவர் நோலன் புஷ்நெல். சில மாதங்களில் அவருடைய அட்டாரி கம்பெனி, ஆலன் அல்கார்ன் என்பவரைக்கொண்டு பாங் என்னும் பந்தாட்ட யந்திரத்தை வெளியிட்டது. அதில் ஓசையும் இருந்தது, மதிப்பெண்ணும் இருந்தது, மட்டையின் எந்தப் பகுதியில் பந்து படுகிறதோ அதற்கேற்பத் திரும்பும் கோணமும் இருந்தது. நீதிமன்றத்துக்குச் சென்ற வழக்கில் அந்தக் கையொப்பமே சாட்சியாக வந்து நின்றது. 1976-இல் அட்டாரி உரிமத்தொகை கட்டிச் சமாதானமாகிவிட்டது. காப்புரிமைச் சட்டத்தின்படி பேர் வென்றார். அதில் நியாயமும் உண்டு. ஆயினும் பாங் ஆட்டத்தை ஒடிஸியின் பிரதி என்று தள்ளிவிட யாராலும் முடியாது. வழிநூலின் இலக்கணம் முழுவதும் பொருந்திய ஒரு படைப்பு அது.

இதே வழக்கின் பிற்காலத்துக் கிளையொன்றை இங்கே குறிக்காமல் செல்ல மனம் வரவில்லை. பின்னாளில் தன் கருவியைப் பார்த்துச் செய்தவர்கள்மீது உலகெங்கும் வழக்காடிய நின்டெண்டோ கம்பெனியே, 1980-களின் நடுவில், பேரின் காப்புரிமை செல்லாது என்று நிரூபிக்கும் பொருட்டு, 1958-இல் ப்ரூக்ஹேவன் ஆராய்ச்சிக்கூடத்தில் வில்லியம் ஹிகின்பாதம் அலைகாட்டியின் திரையில் செய்து காட்டிய டென்னிஸ் ஆட்டத்தைச் சாட்சிக்கு இழுத்தது, வழக்கில் தோற்றது. அசல் என்னும் பட்டம் எவ்வளவு தூரம் அவரவர் நின்றுகொண்டிருக்கும் கரையைப் பொறுத்தது என்பதற்கு இதைவிட நல்ல திருஷ்டாந்தம் கிடைப்பது அரிது.

1976-இல் ஜெனரல் இன்ஸ்ட்ருமென்ட் கம்பெனி, பாங் போன்ற ஆறு ஆட்டங்களை ஒரே சில்லில் அடக்கி, விலை கொடுக்கும் எவர்க்கும் விற்கத் தொடங்கியது. பல தேசங்களிலும் எண்ணற்ற கம்பெனிகள் அதை வாங்கித் தத்தம் பெட்டிக்குள் வைத்து விற்றன. உள்ளே எல்லாம் ஒன்று. வேறுபட்டதெல்லாம் பெட்டியின் வண்ணமும் மூடியின் பெயரும். அக்காலத்துக் கதையில் இதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

நம் பெட்டிக்கு நேரான மூதாதையின் கதை சற்று நீண்டது. மோட்டோரோலா கம்பெனியில் 6800 என்னும் செயலிச் சில்லில் வேலை செய்துகொண்டிருந்த சக் பெடில் என்பவர், அதைவிட மலிவாக ஒன்றைச் செய்ய வேண்டும் என்னும் தம் யோசனை அங்கே எடுபடாததால், சில கூட்டாளிகளோடு வெளியேறி பென்சில்வேனியாவிலுள்ள மாஸ் டெக்னாலஜியில் சேர்ந்தார். அவர்கள் 1975-இல் இரண்டு சில்லுகளை அறிவித்தார்கள். 6501 என்பது மோட்டோரோலா சில்லின் குழியிலேயே பொருந்தி உட்காரும்படி செய்யப்பட்டது. 6502 என்பது கால்களின் வரிசை மாற்றப்பட்டது. மோட்டோரோலா வழக்குத் தொடுத்தது. 2 லட்சம் டாலர் செலுத்தி, 6501-ஐக் கைவிட்டு, மாஸ் கம்பெனியார் தப்பினார்கள். எஞ்சிய 6502 அன்று 25 டாலருக்கு விற்கப்பட்டது. ஆப்பிள் 2, கமோடோர், பி.பி.சி. மைக்ரோ ஆகிய கணினிகளெல்லாம் அதன் மேல் எழுந்தன. ஆக, அந்த யுகத்தின் மிகப் பெரிய அசல் என்று கொண்டாடப்படும் சில்லே ஒரு வழக்கின் மறுபுறத்திலிருந்து பிழைத்து வந்ததுதான்.

1983 ஜூலை 15 அன்று ஜப்பானில் 14,800 யென் விலைக்கு வெளியான ஃபேமிகாம் கருவியை வடித்தவர் மஸாயுகி உயெமுரா. அதன் செயலியை ரிக்கோ கம்பெனி செய்து கொடுத்தது. அதற்குள் இருந்த கரு 6502-தான். ஒலியெழுப்பும் சுற்றுகள் அதே சில்லில் புதிதாகச் சேர்க்கப்பட்டன, தசம எண் கணக்குச் செய்யும் ஆற்றல் மட்டும் துண்டிக்கப்பட்டது. அந்தத் தசமக் கணக்கு முறைக்குக் காப்புரிமை இருந்தது என்பதே இதற்குப் பொதுவாகக் கூறப்படும் காரணம். பிற்காலத்தில் சில்லைத் திராவகத்தில் இட்டு மேலுறையைக் கரைத்து, நுண்ணோக்கியால் பார்த்தவர்கள், 6502-இன் வரைவு ஏறக்குறைய அப்படியே இருக்க, சில டிரான்சிஸ்டர்கள் மட்டும் காணாமற்போயிருப்பதைக் கண்டார்கள். சில்லின் வரைவைக் காக்கும் சட்டம் அமெரிக்காவில் வந்ததே 1984-இல். ஆகையால் 1975-இன் வரைவைப் பார்த்துச் செய்வதற்கு அன்று அத்தகைய தடை ஏதும் இல்லை. இதைச் சொல்வதால் உயெமுராவின் பெருமை குறைந்துவிடாது. படத்தை வரையும் இரண்டாவது சில்லும், அதன் மேல் சாமான்ய விலையில் கட்டிய முழுக் கருவியும், கும்பெய் யோகோய் 1982-இல் ஒரு கைக்கருவிக்காக வகுத்த கூட்டல் குறி வடிவான விசையை அதில் பொருத்திய விவேகமும், முன்பு இருந்தவற்றில் எதனுள்ளும் அடங்காதவை. ஜப்பானிய முதல்நூலும் ஒரு வழிநூலே என்பதுதான் இங்கே நமக்கு வேண்டிய செய்தி.

இனித் தருவைகுளத்துப் பெட்டிக்கு வருவோம். திருகாணிகளைக் கழற்றி மூடியைத் தூக்கியபோது, உப்புக்காற்றில் பச்சைக்களிம்பு ஏறிய பலகையின் நடுவே நாற்பது கால்களுடைய இரண்டு பெரிய சில்லுகள் இருந்தன. ஒன்றின்மேல் யூ.ஏ.6527பி என்றும், மற்றதன்மேல் யூ.ஏ.6538 என்றும் பொறித்திருந்தது. அவை தைவானிலுள்ள யூ.எம்.சி. கம்பெனியின் சில்லுகள். அரசாங்க ஆராய்ச்சி நிலையமொன்றின் கிளையாக 1980-இல் தோன்றிய அந்தக் கம்பெனி, ஃபேமிகாமின் இரண்டு சில்லுகளையும் பார்த்துத் தன் ஆலையில் வடித்தது. அவற்றைக்கொண்டு செய்த கருவிகள் தைவானில் மைக்ரோ ஜீனியஸ் என்றும், 1992-இன் இறுதியிலிருந்து ருஷ்யாவில் டெண்டி என்றும், போலந்தில் பெகாஸஸ் என்றும், நம் நாட்டில் மீடியா, லிட்டில் மாஸ்டர் முதலான பெயர்களிலும் விலைபோயின. ருஷ்யாவில் ஒரு தலைமுறைக்கு டெண்டி என்பதே விளையாட்டுக் கருவியின் பெயராகிவிட்டது. நின்டெண்டோ என்னும் பெயரை அவர்கள் கேள்விப்பட்டது பின்னால்தான்.

இந்தச் சில்லுகள் கேவலம் நகல்களாக மட்டும் இருந்திருந்தால் இக்கட்டுரையை இங்கேயே முடித்துக்கொண்டிருப்பேன். அவற்றில் ஒரு விசேஷம் இருக்கிறது. அதை விளக்கச் சற்றுப் பொறுமை வேண்டும்.

ஜப்பானின் தொலைக்காட்சியில் விநாடிக்கு 60 முறை படம் புதுப்பிக்கப்படும். ஒவ்வொரு முறையும் 262 வரிகள். நம் நாட்டிலும் ஐரோப்பாவின் பெரும்பகுதியிலும் ஏற்கப்பட்ட பால் முறையிலோ விநாடிக்கு 50 முறை, ஒவ்வொன்றுக்கும் 312 வரிகள். ஃபேமிகாமின் ஆட்டங்களை எழுதியவர்கள், திரையில் ஒரு வரி வரையப்படும் நேரத்தில் செயலியின் கடிகாரம் 113-க்குச் சற்றுக் கூடுதலான துடிப்புகள் துடிக்கும் என்னும் கணக்கை நம்பியே எழுதினார்கள். மேலே மதிப்பெண் பட்டை அசையாமல் நிற்க, அதன் கீழே நிலமும் மரமும் மட்டும் நகர வேண்டுமானால், இத்தனை துடிப்பு கழிந்ததும் படத்தை வெட்டு என்று கட்டளையிட வேண்டும். சில ஆட்டங்கள் இதைத் துடிப்புகளை எண்ணியே செய்தன. நின்டெண்டோ ஐரோப்பாவுக்கென்று தானே செய்த சில்லில் இந்தக் கணக்கு வரிக்கு 106-க்குச் சற்றுக் கூடுதலாகச் சுருங்கிப்போயிற்று. ஐரோப்பியக் கேசட்டுகளை அதற்கேற்பத் திருத்திக்கொள்ள நின்டெண்டோவால் முடியும்; ஆட்டங்கள் அவர்களுடையவை அல்லவா? தைவான்காரர்களுக்கோ அந்த வசதி இல்லை. அவர்களுடைய வாடிக்கையாளர்கள் வாங்கப்போவது ஜப்பானியக் கேசட்டும் அதன் பிரதிகளுமே. அந்தக் கேசட்டுகளில் ஓரெழுத்தையும் மாற்ற முடியாது. ஆட்டம் மாறாது, தொலைக்காட்சியும் மாறாது. மாறக்கூடியது நடுவில் இருக்கும் சில்லு ஒன்றுதான்.

அந்த நெருக்கடியில் அவர்கள் செய்தது இது. செயலியின் கடிகாரத்தை வேறு விகிதத்தில் வகுத்து, வரிக்கு 113 என்னும் ஜப்பானியக் கணக்கை மீண்டும் வரவழைத்தார்கள். பால் முறைக்கு அதிகமாக வேண்டியிருந்த 50 வரிகளையோ, படம் வரைந்து முடிந்த பிறகு, அது முடிந்தது என்று செயலிக்கு அறிவிப்பு மணி அடிப்பதற்கு முன்பு, வெற்று வரிகளாக நுழைத்துவிட்டார்கள். ஆட்டத்துக்கு இந்த ஐம்பது வரிகளின் இருப்பே தெரியாது. அது தன்னை இன்னும் ஒஸாகாவில் ஒரு வீட்டில் ஓடிக்கொண்டிருப்பதாகவே எண்ணிக்கொள்ளும். வேகம் மட்டும் ஆறில் ஐந்து பங்காகக் குறைந்தது. அதைப் படம் ஐம்பது முறைதான் மாறும் திரையில் யாராலும் தவிர்க்க முடியாது. வெட்டுக்கள் உரிய இடத்தில் விழுந்தன, இசையின் சுருதியும் ஏறக்குறைய அசலோடு ஒத்தது. இத்தனையும் செய்தவர்களின் பெயர் எந்தக் கௌரவப் பட்டியலிலும் இல்லை. ஆனால் முன்னவன் முடிவை ஒத்து, பின்னவன் தனக்கு வேண்டிய வேறுபாட்டைச் சேர்ப்பது என்று பவணந்தியார் சொன்னதற்கு, மின்னணுவியலில் நான் கண்ட உதாரணங்களுள் இதுவே மிகத் தூய்மையானது. கள்ளச் சரக்கு என்று சுங்கத்துறை மதிக்கும் ஒரு பெட்டிக்குள் இது இருக்கிறது என்பதுதான் சங்கடம்.

பிழையும் உண்டு. இவ்வகைச் சில்லுகள் பலவற்றில், இசையை எழுப்பும் சதுர அலையின் இரண்டு வடிவங்கள் தம்முள் இடம் மாறிவிட்டன; தடித்து ஒலிக்க வேண்டிய ஸ்வரம் மெலிந்தும், மெலிந்தது தடித்தும் ஒலிக்கும். அந்த ஒலியையே கேட்டு வளர்ந்த என் போன்றவர்களுக்கு, பின்னாளில் ஜப்பானியக் கருவியின் ஒலியைக் கேட்டபோது அதுதான் அபஸ்வரமாகப் பட்டது.

இன்னொரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் 1983-இல் வீடியோ கேம் வியாபாரம் அடியோடு சரிந்தபின், கடைக்காரர்கள் விளையாட்டுப் பெட்டி என்றாலே கதவைச் சாத்தியதால், நின்டெண்டோ தன் கருவியை வீடியோ கேசட் பிளேயரைப் போலத் தோன்றும்படி உருமாற்றி அனுப்பியது. கேசட்டை முன்பக்கத்துக் கதவுக்குள் தள்ளிக் கீழே அழுத்தும் அந்த அமைப்பில், தொடுமுனைகள் நாளடைவில் வளைந்து தளர்ந்தன. அனுமதியற்ற கேசட்டைத் தடுக்கவென்று பூட்டுச் சில்லு ஒன்றும் உள்ளே இருந்தது. தொடர்பு சற்றே தளர்ந்தாலும் அது சந்தேகங்கொண்டு கருவியை மீண்டும் மீண்டும் அணைத்து எழுப்பும். கேசட்டை மேலிருந்து நேராகச் செருகும் பழைய ஜப்பானிய அமைப்பையே தைவான் பெட்டிகள் பின்பற்றின; பூட்டுச் சில்லும் அவற்றில் இல்லை. ஆகவே அசல் கருவி தன்னல்லாத வேறொரு சாமானைப் பாவனை செய்து பழுதுபட, போலிக் கருவி அசலின் முந்தைய வடிவத்தைப் பற்றிக்கொண்டு நீடித்து உழைத்தது. கேசட்டைக் கழற்றி வாயால் ஊதிச் செருகும் வழக்கம் மட்டும் இரு பக்கத்தாருக்கும் பொது. எங்கள் கரையில் அது கூடவே கூடாத காரியம். காற்றில் இருக்கும் உப்பு போதாதென்று மூச்சின் ஈரத்தையும் சேர்த்துச் செம்புக்கு ஊட்டினோம்.

இந்தியாவின் பங்கைப் பற்றிப் பேசும்போது அபிமானத்தைச் சற்று ஒதுக்கிவைக்க வேண்டியிருக்கிறது. அசல் கருவி இங்கே வருவதற்கு வழியே ஏறக்குறைய அடைக்கப்பட்டிருந்தது. ஸேகா கம்பெனி 1995-இல் மதுபான வியாபாரத்தில் பேர்பெற்ற ஷா வாலஸ் கம்பெனியோடு ஒப்பந்தம் செய்துகொண்டு தன் மெகா டிரைவை இந்நாட்டில் கொண்டுவர முயன்றதற்குக் காரணம் 80 சதவீத இறக்குமதி வரி. அப்படியும் அதன் விலை 18,000 ரூபாய். நடுத்தரக் குடும்பங்களுக்கே எட்டாத அந்த விலையை, கடலை நம்பி வாழும் குடும்பமொன்று நினைத்துத்தான் பார்த்திருக்குமா? பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்களுக்காக 1969-இல் ஏற்பட்ட சென்னை பர்மா பஜாரும், அதைப் போன்ற பிற ஊர்க் கடைத்தெருக்களும், அந்த அடைபட்ட வழியின் இடுக்குகளில் முளைத்தவை. கொழும்பு ரூபவாகினியின் படம் தெளிவாகக் கிடைக்க வேண்டும் என்று வீட்டுக்கு வீடு ஆன்டெனாவை உயர்த்திக் கட்டியிருந்த இக்கரையில், அந்தத் தொலைக்காட்சிகளின் பின்னால் வந்து செருகப்பட்டவை தைவான் சில்லைச் சுமந்த பெட்டிகளே. அந்தப் போலிகள் இல்லாதிருந்தால் நம் பிள்ளைகள் அசலை வாங்கியிருக்கப் போவதில்லை. எதையுமே வாங்கியிருக்க மாட்டார்கள்.

போலியை வாங்கினோம் என்பதில் எனக்கு வெட்கமில்லை. மேலுறையையும் மூடியின் பெயரையும் தாண்டி நாம் எதையும் போலி செய்யவில்லை என்பதே என் குறை. தைவானில் அதே காலத்தில் ஒருவன் அசல் சில்லைத் திறந்து, வரிகளை எண்ணி, கடிகாரத்தை வகுத்துக்கொண்டிருந்தபோது, இங்கே நம் சாமர்த்தியமெல்லாம் வந்திறங்கிய பலகைக்குப் பிளாஸ்டிக் உறை போடுவதிலும், 9999999 ஆட்டங்கள் உள்ளன என்று கேசட்டின்மேல் அச்சடிப்பதிலும் செலவாயிற்று. நமக்கு ஆற்றல் இல்லாமலும் இல்லை. சண்டீகரை அடுத்த மொகாலியில் மத்திய அரசின் செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் என்னும் சில்லு ஆலை இருந்தது. பள்ளிகளில் கணினிக் கல்வியைப் பரப்ப 1984-இல் தொடங்கிய கிளாஸ் திட்டத்தை ஒட்டி, பி.பி.சி. மைக்ரோ கணினியை உரிமம் பெற்று யூனிகார்ன் என்ற பெயரில் செய்ததும் அந்த நிறுவனமே. அக்கணினியின் செயலி எது என்று பார்த்தால், அதே 6502! அரசாங்கப் பள்ளியின் அறையில் பூட்டிவைத்திருந்த கணினியும், கடைத்தெருவில் கூவி விற்ற விளையாட்டுப் பெட்டியும் ஒரே பாட்டனின் பேரப்பிள்ளைகள் என்பதை அன்று எந்த ஆசிரியரும் எந்த மாணவனுக்கும் சொல்லியிருக்க மாட்டார். 1989 பிப்ரவரியில் அந்த ஆலை தீக்கிரையாயிற்று. மீண்டும் எழுந்து நிற்பதற்குள் உலகம் வெகுதூரம் சென்றுவிட்டது. யூ.எம்.சி. இன்று பிறருக்குச் சில்லு வார்த்துக் கொடுக்கும் பெரிய ஆலைகளுள் ஒன்று.

ஆழ்ந்து போலி செய்வது எப்படி என்பதை அறிய, தருவைகுளத்தாருக்குத் தைவான்வரை போக வேண்டிய அவசியம் இல்லை. சற்று வடக்கே வேப்பலோடைவரை போனால் போதும். மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடிக் கரையிலிருந்து நடந்த முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றுபோயிற்று. சிப்பிக்குள் சிறு மணியையும் மற்றொரு சிப்பியின் சவ்வுத் துண்டையும் வைத்து முத்தை விளைவிக்கும் வித்தை அதற்கு வெகுகாலம் முன்பே ஜப்பானில் மிகிமோட்டோவும் அவர் காலத்தவர்களும் கண்டது. ஜப்பான் அந்த நுணுக்கத்தை அந்நியருக்கு எளிதில் விட்டுக்கொடுக்கவில்லை. மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தூத்துக்குடிக் கிளையில் கே. அழகர்சாமி முதலானோர், முடிவு என்ன என்பது மட்டும் தெரிந்திருக்க, வழியைத் தாங்களே தேடி, நம் கரைச் சிப்பியிலேயே 1973-இல் உருண்டை முத்தை விளைவித்தார்கள். வேப்பலோடைக் கடலில் அதற்கான மிதவைப் பண்ணையும் அமைந்தது. அதை ஜப்பானியப் போலி என்று சொல்லத் துணிபவர் உண்டா? கண்ணாடி மணிமேல் மீன் செதிளின் பசையைப் பூசி விற்பதும் முத்து வியாபாரந்தான். சிப்பியைப் பிளந்து, அதன் சவ்வு எவ்வாறு முத்துப்படலத்தைச் சுரக்கிறது என்று அறிந்து செய்வதும் முத்து வியாபாரந்தான். முதலாவதைப் பாசிமணிக் கடையிலும், இரண்டாவதை ஆராய்ச்சிக்கூடத்திலும் வைத்திருக்கிறோம். விளையாட்டுப் பெட்டி விஷயத்தில் நாம் பாசிமணிக் கடையோடு நின்றுவிட்டோம்.

சட்டம் இதற்கு இடங்கொடுக்கவில்லை என்று சொல்லித் தப்ப முடியாது. சில்லின் வரைவைக் காக்கும் இந்தியச் சட்டம் 2000-ஆம் ஆண்டில்தான் இயற்றப்பட்டது. பத்தாண்டுக் காப்பு அளிக்கும் அச்சட்டமே, ஆராய்ச்சிக்காகவும் போதனைக்காகவும் ஒரு வரைவைப் பகுத்துப் பார்ப்பதை அனுமதிக்கிறது. அமெரிக்காவின் 1984-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அவ்வாறே. திறந்து பார்ப்பதை இவ்விரு சட்டங்களும் குற்றமாக்கவில்லை. பிறன் பெயரையும் உருவையும் சூட்டி விற்பதே குற்றம். அந்த அளவில், தருவைகுளத்துப் பெட்டியின் மெகா டிரைவ் சட்டைக்காக நான் வாதாட மாட்டேன். அந்தச் சட்டையைத் தைத்தவனுக்கும், உள்ளே ஐம்பது வெற்று வரிகளை நுழைத்தவனுக்கும் ஒரே பெயரை இடாதீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்வேன்.

பிற்காலத்துப் பெட்டிகளில் இந்த இரண்டு சில்லுகளும் ஒன்றாகச் சுருங்கி, பலகையின் மேல் ஒரு கறுப்புப் பிசின் பொட்டாக மாறிவிட்டன. அதில் பெயரும் இல்லை, எண்ணும் இல்லை. யார் செய்தது, எதை மாற்றினார் என்று கேட்க வழியே இல்லை. நின்டெண்டோவின் மூலக் காப்புரிமைகள் 2000-க்குப்பின் ஒவ்வொன்றாகக் காலாவதியான பின்பு, சட்டப்படி குற்றமற்ற பெட்டிகளும் நிறைய வந்தன. அவற்றை நான் திறந்து பார்த்ததில் புதிய வேறுபாடு ஏதும் எனக்குத் தென்படவில்லை.

படகுக்காரரிடம் இவற்றையெல்லாம் என்னால் இயன்றவரை சுருக்கிச் சொன்னேன். அவர் சற்று நேரம் பலகையையே பார்த்துவிட்டு, "அப்போ நம்ம போட்டு மாதிரின்னு சொல்லுங்க. பக்கத்து ஊர் போட்டப் பாத்துத்தான் ஆசாரி கட்டுனாரு, நம்ம கடலுக்குன்னு அணியத்தக் கொஞ்சம் ஒசத்திட்டாரு" என்றார். நான் மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை. பச்சைக்களிம்பைச் சுரண்டித் துடைத்து, பழைய தொலைக்காட்சி ஒன்றில் செருகியபோது படம் வந்தது, ஓசை வரவில்லை.

வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படியொரு பெட்டி கிடக்கலாம். காயலான் கடைக்குப் போடுமுன் திருகாணிகளைக் கழற்றி உள்ளே பாருங்கள். சில்லின்மேல் எழுத்தும் எண்ணும் இருந்தால், எந்த ஆண்டில், எந்த ஊரில், என்ன விலைக்கு வாங்கியது என்பதோடு சேர்த்து ஒரு காகிதத்தில் எழுதி, அந்தப் பெட்டிக்குள்ளேயே வைத்து மூடிவிடுங்கள்.